டைல்ஸ் மேலேயே பூசிடலாம்னு மேஸ்திரி சொன்னா

பாத்ரூம் சுவரில் இருக்கிற பழைய டைல்ஸை உடைத்து எடுப்பதா, அதற்கு மேலேயே சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்துவிடுவதா? எங்கள் தெருவில் யார் வீட்டில் மராமத்து ஆரம்பித்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். எங்கள் வீட்டில் போன வருடம் வந்தது. இப்போது என் தம்பி கொளத்தூரில் வாங்கியிருக்கிற பழைய ஃப்ளாட்டுக்காகப் போன் போட்டு அதையேதான் கேட்கிறான், அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் வேறு யாருக்காவதும் ஆகும். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் படுகிற சுவரில் டைல்ஸ் மேல் பூச்சு வேண்டாம். உடைத்து எடுங்கள், இல்லை டைல்ஸ் கெட்டியாக இருக்கிறதென்றால் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுங்கள். பூசுவதுதான் பார்க்கச் சுலபமாகவும் மலிவாகவும் தெரியும், ஆனால் மூன்றில் அதுதான் மோசம்.

எங்கள் வீடு வட சென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில், டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. ஆட்டோ நுழைந்தால் எதிரே பைக் வர முடியாது, அவ்வளவுதான் அகலம். மாமனாரின் அப்பா கட்டிய வீடு, சுண்ணாம்புக் காரைச் சுவர், பின்கட்டில் முற்றமாக இருந்த இடத்தைத் தடுத்துத்தான் பிற்பாடு பாத்ரூம் ஆக்கியிருக்கிறார்கள். அதனால் மூன்று பக்கம் கனமான பழைய சுவர், ஒரு பக்கம் மட்டும் நாலரை இஞ்ச் செங்கல் சுவர். அந்த ஒரு பக்கத்துக்குப் பின்னால்தான் அத்தையின் அறை. டைல்ஸ் என்றால் ஆறுக்கு ஆறு வெள்ளை டைல்ஸ், அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் ஒட்டினார்களே அதேதான், நடுவில் நாலைந்து டைல்ஸில் மட்டும் நீலப் பூ. பூ எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அத்தையின் அறைச் சுவர் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பொரிந்து, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த ஆறே மாதத்தில் மறுபடியும் உப்பு பூத்துக் கொட்ட ஆரம்பித்துவிடும். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டுத்தான் படுப்பார்.

முதலில் வந்த மேஸ்திரி சுவரை ஒரு தட்டுகூடத் தட்டிப் பார்க்கவில்லை. "உடைக்கிறதெல்லாம் எதுக்குக்கா, தூசி, சத்தம், பக்கத்து வீட்ல சண்டை. மேல லேசா கொத்திவிட்டு பூசிடலாம், வாட்டர்ப்ரூஃப் கலந்து அடிச்சா கல்லு மாதிரி நிக்கும்" என்றார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. வீட்டுக்காரர் உடனே தலையாட்டிவிட்டார். அத்தைக்கும் பாத்ரூம் சீக்கிரம் திரும்பக் கிடைத்தால் போதும். நான்தான் "லேசா கொத்திவிட்டு" என்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

பூச்சு சுவரில் எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். செங்கலும் காரையும் தண்ணீரை உறிஞ்சும். கலவையை வீசி அடித்ததும் அதிலிருக்கும் ஈரத்தோடு சிமெண்ட் பாலும் கொஞ்சம் உள்ளே இழுபட்டு, செங்கலின் நுண்ணிய துளைகளிலேயே இறுகுகிறது. அதோடு செங்கலுக்குச் செங்கல் இருக்கிற இடுக்கில் கலவை போய்ப் பல் மாதிரி கவ்விக்கொள்கிறது. உறிஞ்சலும் கவ்வலும், இந்த இரண்டை நம்பித்தான் பூச்சு நிற்கிறது. டைல்ஸின் முகத்தில் இரண்டுமே கிடையாது. சுவரில் ஒட்டுகிற பீங்கான் டைல்ஸின் முதுகுப் பக்கம் தண்ணீர் குடிக்கும், தண்ணீரில் போட்டால் குமிழி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். முகத்தில் கண்ணாடிப் பூச்சு உருக்கி ஏற்றியிருப்பதால் அந்தப் பக்கம் ஒரு சொட்டு ஏறாது. ஏறக்கூடாது என்றுதானே அதைப் பாத்ரூமில் ஒட்டுகிறோம்! அதன் மேல் சிமெண்ட் பூசினால் அது டைல்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்காது, சும்மா சாய்ந்துகொண்டு நிற்கும். காயும்போது சிமெண்ட் பூச்சு கொஞ்சம் சுருங்கும், டைல்ஸ் சுருங்காது, அந்த இழுபறியிலேயே பாதி இடத்தில் விட்டுப்போகும். மீதியை ஒரு பக்கம் கீசர் வெந்நீரும் இன்னொரு பக்கம் பச்சைத் தண்ணீரும் மாறி மாறிப் பட்டு விடுவிக்கும்.

எடையையும் யோசிக்க வேண்டும். ஐந்துக்கு ஏழு அடி பாத்ரூமில் ஏழடி உயரம் டைல்ஸ் இருந்தால், கதவைக் கழித்து சுமார் 150 சதுர அடி. 12 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினால் மட்டும் 300 கிலோவுக்கு மேல் வரும். அந்த 300 கிலோவும் எதில் தொங்கப் போகிறது? முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு கொத்தனார் முதுகில் சிமெண்ட் பால் தடவி அப்பிவிட்டுப் போன டைல்ஸில். அது தன் எடையைத் தாங்கிக்கொண்டு இருப்பதே பெரிது.

சரி, வழியே இல்லையா என்றால் இருக்கிறது. கிரைண்டர் வைத்து டைல்ஸ் முகத்தின் பளபளப்பை முழுவதும் தேய்த்து எடுக்க வேண்டும், உளியால் நெருக்கமாகப் பொத்துவிட வேண்டும், சோப்புப் படலமும் எண்ணெயும் போகக் கழுவிக் காயவிட வேண்டும், பிறகு எஸ்.பி.ஆர். லேட்டக்ஸ் என்று பால் மாதிரி கேனில் வருமே, அதைச் சிமெண்டோடும் மணலோடும் கலந்து ஒரு கோட் அடித்து, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பூச்சை ஏற்ற வேண்டும், பூச்சுக்குள் ஃபைபர் வலை பதிக்க வேண்டும், அதற்கு மேல் இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃபிங். எபாக்ஸி பிரைமர் அடித்து ஈரம் காய்வதற்குள் அதன் மேல் குருணை மணலைத் தூவி, சொரசொரப்பு உண்டாக்கி அதில் பூசுகிறவர்களும் உண்டு. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் நிற்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவும் செய்கிற நேரத்தில், இவ்வளவு கூலியில், டைல்ஸையே உடைத்து எடுத்துவிடலாமே! தூசியும் குறையாது, கிரைண்டர் தூசி உளித் தூசியைவிட மோசம். "லேசா கொத்திவிட்டு" என்கிற மேஸ்திரி இதில் எதையும் செய்யப் போவதில்லை, சதுர அடிக்கு இரண்டு கொத்து கொத்திவிட்டுக் கலவையை அடித்துவிட்டுப் போய்விடுவார். மேஸ்திரிகளைக் குறை சொல்லவும் முடியவில்லை. சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசுகிறவருக்கு உடைப்பதும் மூட்டை கட்டிச் சுமப்பதும் நஷ்டம், சந்துக்குள் வண்டியும் வராது. அவர் பார்வையில் அது நியாயமான யோசனைதான். சுவரில் பத்து வருடம் சாய்ந்து வாழப் போவது அவர் இல்லை.

இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்ட காரணம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டுப் பிரச்சினை டைல்ஸின் முகத்தில் இல்லை, முதுகில் இருந்தது. அத்தை அறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்றால் பாத்ரூம் பக்கத்திலிருந்து தண்ணீர் எங்கேயோ உள்ளே போகிறது. டைல்ஸ் ஜாயிண்டில் இருக்கிற ஒயிட் சிமெண்ட் தண்ணீரைத் தடுக்கும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், தடுக்காது, மெதுவாக விடும். முதுகில் முழுசாகச் சிமெண்ட் இல்லாத டைல்ஸ் என்றால் அந்தப் பொக்கைக்குள் தண்ணீர் தேங்கும். முன் பக்கத்தைப் பூசி மூடிவிட்டால் அந்த ஈரத்துக்குப் போக்கிடம் ஒன்றே ஒன்றுதான், அத்தையின் அறை.

தட்டிப் பார்ப்பது எப்படி என்றால், அதற்கு மேஸ்திரிகூட வேண்டாம். ஐந்து ரூபாய் நாணயமோ சுத்தியலின் கட்டைப் பக்கமோ போதும். ஒவ்வொரு டைல்ஸிலும் நடுவில் ஒன்று, நாலு மூலையிலும் ஒவ்வொன்று. கெட்டியாக ஒட்டியிருந்தால் சத்தம் குட்டையாக, கனமாக வரும். பொக்கையாக இருந்தால் மண்பானையைத் தட்டினால் வருகிற மாதிரி வெறுமையாகக் கேட்கும், ஒருமுறை இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டால் அப்புறம் காது ஏமாறாது. நடுவில் கெட்டி, மூலைகளில் பொக்கை என்றால் கொத்தனார் நடுவில் ஓர் உருண்டை சிமெண்ட் வைத்து அப்பியிருக்கிறார் என்று அர்த்தம். பொக்கை டைல்ஸ் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டில் கதவுப் பக்கச் சுவரில் குறி ஏதோ ஒன்றிரண்டுதான் விழுந்தது. குழாய் இருக்கிற சுவரில், அதாவது அத்தை அறைப் பக்கம், குறி போடாத டைல்ஸைத் தேட வேண்டியிருந்தது. அதைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் வீட்டுக்காரர் வாயை மூடினார்.

இரண்டாவதாகக் கூப்பிட்டவர் ராயபுரம் பக்கத்துக்காரர், வயதானவர், பழைய காரை வீடுகளில் வேலை செய்து பழகியவர். மெஷின் கொண்டுவரவே இல்லை. "காரைச் சுவத்துல மிஷின் வெச்சா செங்கல்லே ஆடிப்போவும்மா, அப்புறம் சுவரைத்தான் கட்டணும்" என்று சொல்லிவிட்டார். நாலரை இஞ்ச் சுவருக்கும் அதே கதைதான். சிமெண்ட் சுவராக, ஒன்பது இஞ்ச் சுவராக இருந்தால் சின்ன பிரேக்கர் மெஷின் வைத்துக்கொள்ளலாம், அதுவும் ரோட்டை உடைக்கிற பெரிய மெஷின் இல்லை. மேல் வரிசையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முதல் டைல்ஸின் நாலு பக்க ஜாயிண்டையும் கட்டரால் கீறிவிட்டு அதை மட்டும் உடைத்து எடுத்தால், அந்த ஓட்டையிலிருந்து உளியைச் சரிவாகச் செருகி அடுத்ததை நெம்பலாம். சுவருக்கு நேராக உளியைப் பிடித்து அடிக்கக் கூடாது, அடி எல்லாம் பின்பக்கம் போய் எதிர்ப்பக்கப் பூச்சு விழும். பொதுச் சுவர் என்றால் விழுவது பக்கத்து வீட்டுக்காரரின் பூச்சு. எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்றுதான், அதனால் முதல் நாளே பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், ஷெல்ஃபில் இருக்கிற எவர்சில்வர் பாத்திரம், சாமி படம் எல்லாவற்றையும் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானம் பிள்ளை தூங்குகிற நேரத்தில் அடிக்க மாட்டோம் என்று சொல்லி வைத்தேன். அவ்வளவு போதும், சண்டையே வரவில்லை.

தண்ணீர் போகிற ஓட்டையைச் சாக்கு வைத்து அடைத்த பிறகுதான் முதல் அடி விழ வேண்டும். ஒரு டைல்ஸ் சில்லு ஓட்டைக்கு அடியில் வளைந்து இருக்கிற டிராப்புக்குள் போய்விட்டால் அதை எடுக்க இன்னொரு வேலை. அப்புறம், உடைந்த டைல்ஸின் ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும், சித்தாளுக்கு நல்ல கையுறை வாங்கிக் கொடுங்கள். தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராத சமாச்சாரம். கைக்குட்டை கட்டினால் நிற்காது, மாஸ்க் வேண்டும், அடிக்கடி தண்ணீர் தெளித்துக்கொண்டே அடித்தால் தூசி பாதிக்குப் பாதி அடங்கும்.

குழாய்ச் சுவரில் டைல்ஸை எடுக்க அவர் பெரிதாக உளிகூட அடிக்கவில்லை, நெம்பினார், பூச்சோடு பாளமாக வந்தது. பின்னால் இருந்தது காரையே இல்லை, கறுத்துப்போன ஈர மணல், விரலால் சுரண்டினால் கொட்டியது. குழாய்க்குப் பின்னால் ஜி.ஐ. பைப்பின், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பின், எல்போ வளைவு துருவேறிப் பொருக்குப் பொருக்காக உப்பியிருந்தது, மரையில் சுற்றியிருந்த சணல் இன்னும் ஈரமாகவே இருந்தது. அங்கேதான் கசிவு. சொட்டுச் சொட்டாக, மீட்டரும் இல்லாத தண்ணீர், எத்தனை வருடமாகப் போய்க்கொண்டிருந்ததோ. அதற்குக் கொஞ்சம் மேலே, இரண்டு செங்கலுக்கு நடுவில் பழுப்பு நிறத்தில் நூல் நூலாக ஏதோ தெரிந்தது, பழைய சணல்தான் என்று நினைத்தேன். மேஸ்திரி அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வந்துகொண்டே இருந்தது. அரச மரத்து வேர். வெளிப்பக்கம் சன்ஷேடுக்கு மேல் ஒரு சாண் அளவுக்கு ஒரு கன்று முளைத்திருந்ததை நாங்கள் எல்லாருமே பார்த்திருக்கிறோம். அத்தை அதற்கு ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள்கூட வைத்தார். அது உள்ளே வந்து எங்கள் பாத்ரூம் கசிவைக் குடித்துக்கொண்டிருந்தது.

பூசியிருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது. பழைய வீட்டில் டைல்ஸை எடுப்பதற்கு அழகு ஒரு காரணமே இல்லை. ஜி.ஐ. பைப் பதித்த வீடென்றால், டைல்ஸ் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சரி, பைப் போகிற சுவரையாவது உடைத்துவிட்டு சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்புக்கு மாறிவிடுங்கள். காடி அடித்துப் பைப்பைப் பதித்த உடனே மூடிவிடாமல் பிரஷர் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள். பிளம்பர் "தேவையே இல்ல, நம்ம வேலை" என்பார். தேவை.

கழிவு இன்னொரு தலைவலி. டைல்ஸும் அதன் பின்னால் இருக்கிற பூச்சும் சேர்ந்து இந்த அளவு பாத்ரூமிலேயே முக்கால் டன்னுக்குப் பக்கத்தில் வரும், அதாவது சித்தாள் தூக்கக்கூடிய கனத்தில் கட்டினால் முப்பது மூட்டை. தெருமுனையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிவிட்டுப் போவதுதான் ஊர் வழக்கம், மழைக்காலத்தில் அதே மண் மழைநீர் வடிகாலில் போய் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று கத்துவதும் நாம்தான். 2016-இலேயே மத்திய அரசு இதற்குத் தனி விதி போட்டுவிட்டது. சென்னை மாநகராட்சி எண் 1913-க்குப் போன் செய்து கேட்கலாம். கட்டட இடிபாட்டை அரைத்து மணல், ஜல்லியாக்குகிற மாநகராட்சி ஆலை நமக்குப் பக்கத்திலேயே கொடுங்கையூரில் இருக்கிறது, இன்னொன்று பெருங்குடியில். மூட்டைகளைச் சந்து முனை வரை கொண்டுவரும் செலவையும் குட்டி யானை லோடு வண்டி வாடகையையும் முதலிலேயே மேஸ்திரி பேச்சில் சேர்த்துவிடுங்கள், "அது தனிக்கா" என்று கடைசியில் சொல்ல விடாதீர்கள்.

உடைத்த பிறகு சுவரை அப்படியே இரண்டு மூன்று நாள் காயவிட்டோம், ஃபேன் போட்டு. அவசரப்பட்டு ஈரச் சுவரில் பூசினால் அந்த ஈரத்தையும் உப்பையும் நாமே உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். உப்பு பூத்த இடத்தில் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து உலர்வாகவே துடைத்து எடுத்தார்கள், கழுவினால் மறுபடியும் கரைந்து உள்ளே போய்விடும். இதனால்தான் ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள் என்கிறேன், தை மாசி நல்லது. பங்குனி சித்திரை வெயிலில் பூச்சு சீக்கிரம் வறண்டு வெடிக்கும், அப்போது செய்தால் தண்ணீர் அடிப்பதில் கவனம் வேண்டும். எப்போது செய்தாலும் பூச்சை ஏழு நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

வட சென்னைக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு விஷயம், தண்ணீர். நம் பக்கம் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, கடல் அவ்வளவு பக்கம். அந்த உப்புத் தண்ணீரையே கலவைக்கும் ஊற்றினால் சுவருக்குள் உப்பை நாமே கலந்து கொடுக்கிறோம், அது மூன்றாம் மாதம் வெளியே பூக்கும். கூரைக் கம்பிக்குப் பக்கத்தில் போனால் துரு வேறு. குடிக்கத் தகுந்த தண்ணீர் கலவைக்கும் தகுந்தது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 456-இலேயே இருக்கிறது. கலவைக்கு மெட்ரோ தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துக் கொடுத்தேன், தண்ணீர் அடிக்கவும் அதையேதான். அத்தைக்கு அது பொறுக்கவில்லை, குடிக்கிற தண்ணியை யாராவது சுவத்துக்கு ஊத்துவாங்களா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அதே மாதிரி மணலும் பூச்சுக்கென்று வருகிற பி சாண்ட் கேளுங்கள், கான்கிரீட்டுக்கான எம் சாண்டைச் சலித்து ஒப்பேற்றுவார்கள்.

பூச்சின் மேல் வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட், குளிக்கிற பக்கச் சுவரில் ஆறடிக்குக் குறையாமல், மற்ற சுவர்களில் தரையிலிருந்து ஓர் அடி, தரையும் சுவரும் சேருகிற மூலையில் வட்டமாகக் கலவை வைத்து அதன் மேலும். கீழ் வரிசை டைல்ஸை எடுத்தாலே தரைக்கும் சுவருக்கும் இருக்கிற பழைய இணைப்பு விட்டுப்போகும், ஆகவே சுவர் மட்டும்தான் தரையைத் தொட மாட்டோம் என்று ஆரம்பித்தாலும் அந்த மூலையை விட்டுவிட முடியாது. தொட்டால் முழுசாகத் தொடுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஓட்டையை அடைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். மேல் மாடி என்றால் கீழ் வீட்டுக் கூரையைப் போய்ப் பார்க்க வேண்டும். தரை வாட்டத்தையும் அப்போதே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாம்.

இனி தம்பி கேஸ். அவனுடைய ஃப்ளாட் பதினைந்து வருடக் கட்டடம், சிமெண்ட் சுவர், உள்ளே ஏற்கனவே சி.பி.வி.சி. தட்டிப் பார்த்து வீடியோ அனுப்பச் சொன்னேன், சத்தம் எல்லா இடத்திலும் கெட்டி. பின்பக்க அறைச் சுவரில் ஓதம் இல்லை. டைல்ஸ் நிறம்தான் அவனுக்கும் என் தம்பி மனைவிக்கும் பிடிக்கவில்லை, கரும்பழுப்பு, பட்டப்பகலில் லைட் போட வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் உடைப்பது வீண். டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டிவிடலாம். பூச்சு பிடிக்காத முகத்தில் இது மட்டும் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டான், நல்ல கேள்வி. டைல்ஸ் ஒட்டுகிற கம்மில் பாலிமர் கலந்திருக்கிறது, அது உறிஞ்சலை நம்பாமல் வழவழப்பான முகத்திலேயே ஒட்டும், கனமும் மூன்று நாலு மில்லிமீட்டர்தான். ஆனால் எல்லாக் கம்மும் இதற்கு ஆகாது. மூட்டையிலேயே டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டத் தகுந்தது என்று போட்டிருக்க வேண்டும். ஐ.எஸ். 15477 என்கிற தரத்தில் இதற்கு வகை வகையாகப் பிரித்திருக்கிறார்கள், மலிவான முதல் வகை புதுப் பூச்சில் சாதாரணப் பீங்கான் ஒட்டத்தான். பழைய டைல்ஸை நன்றாகச் சோப்புக்கறை போகக் கழுவி, கொஞ்சம் உரசிவிட்டு, பல் கரண்டியால் முழு முதுகுக்கும் தடவி ஒட்ட வேண்டும், நாலு உருண்டை வைத்து அப்பக் கூடாது. கொத்தனார் பழக்கதோஷத்தில் டைல்ஸை அண்டாவில் ஊறப்போடுவார், சிமெண்ட் பாலுக்குத்தான் அது, கம்முக்கு வேண்டாம்.

இதிலும் இடைஞ்சல் உண்டு. ஒவ்வொரு சுவரும் சுமார் அரை இஞ்ச் உள்ளே வரும், சின்ன பாத்ரூமில் அது தெரியாது, ஆனால் சுவருக்குள் பதித்திருக்கிற வால்வும், தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடுகிற டைவர்ட்டரும் அந்த அரை இஞ்ச் உள்ளே போய்விடும். மேல் மூடி உட்காராது. குழாய்க்கு எக்ஸ்டென்ஷன் போட்டுச் சமாளிக்கலாம், டைவர்ட்டருக்குச் சில மாடலில் கிடைக்கும், சிலதில் கிடைக்காது. டைல்ஸ் வாங்குவதற்கு முன்னால் அதை விசாரிக்க வேண்டும். கதவு நிலைக்குப் பக்கத்தில் புது டைல்ஸ் நிலையைவிட வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், அங்கே ஓரப்பட்டி வைக்க வேண்டும். தரையிலும் மேலே ஒட்டினால் பி.வி.சி. கதவின் அடியை அறுக்க வேண்டியிருக்கும், வெளித்தரைக்கும் பாத்ரூம் தரைக்கும் இருக்கிற பள்ளம் குறைந்து தண்ணீர் ஹாலுக்கு வரும். அதனால் தரையைத் தொடாதே, சுவர் மட்டும் என்று சொல்லியிருக்கிறேன். பெரிய விட்ரிஃபைட் ஸ்லாப் ஆசையும் வேண்டாம், பழைய டைல்ஸுக்கு அவ்வளவு கனம் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன், லேசான பீங்கான் டைல்ஸே போதும். நடுவில் ஒன்றிரண்டு பொக்கை அகப்பட்டால் அதை மட்டும் எடுத்துவிட்டுக் கலவையால் மட்டம் நிரப்பி, அது காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். பத்துக்கு ஒன்றுக்கு மேல் பொக்கை என்றால் ஆசையை விட்டுவிட்டு உடைத்துவிடுவது நல்லது. இந்தக் கணக்கு என் சொந்தக் கணக்கு, புத்தகத்தில் இருப்பது இல்லை.

வாடகை வீட்டுக்காரர்கள், அல்லது இன்னும் இரண்டு வருடத்தில் இடித்துக் கட்டப் போகிறவர்கள், இதில் எதுவுமே செய்ய வேண்டாம். பழைய ஜாயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு ஜாயிண்டுக்கென்று வருகிற எபாக்ஸி கலவையை அடைத்தால் தண்ணீர் உள்ளே போவது பெருமளவு நிற்கும், பார்வைக்கும் புதுசு மாதிரி ஆகிவிடும். வாஷ் பேசின் பக்கம் மாதிரி தண்ணீர் அதிகம் படாத இடத்தில் டைல்ஸ் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம், ஷவருக்குக் கீழே அடித்தால் உரியும். ஜிப்சம் பூச்சை மட்டும் யார் சொன்னாலும் பாத்ரூமுக்குள் விடாதீர்கள், அது தண்ணீரில் கரையும்.

பைப் பதித்ததும், பூசுவதற்கு முன்னால், சுவரில் டேப் பிடித்துத் தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று தெரிகிற மாதிரி ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுத்து வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். நாளைக்கு டவல் கம்பி மாட்ட வருகிறவன் டிரில்லைப் பைப்பிலேயே வைப்பான். டைல்ஸ் வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஷேட் நம்பரும் பேட்ச் நம்பரும் ஒன்றாக இருக்கிறதா என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், குஜராத்தில் டைல்ஸ் தயாராகிற மோர்பியிலிருந்து அடுத்த லோடு வரும்போது அதே பெயரில் வேறு வெள்ளை வரும். வேலை முடிந்து மிஞ்சுகிற பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்காதீர்கள், ஒன்றாவது லாஃப்டில் கிடக்கட்டும்.